கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்த கல்

போன மாதம் அந்தக் கலியாண வீட்டில் ஒரு சஹன் சோற்றுத் தட்டைச் சுற்றி நாம் ஐந்தாறு கிழவிகள் இருந்தோமே, அன்றைக்குப் பேசிய பேச்சு ஒன்றும் எனக்கு மறக்கவில்லை. சோறு உள்ளே போகப் போக ஏச்சு வெளியே வந்தது. ஒரு மழைக்கே வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். வாய்க்கால் நாறுகிறது. சபைத் தவிசாளர் கள்ளன், வட்டார உறுப்பினர் அவனைவிடப் பெரிய கள்ளன். நமக்கென்று தனிச் சபை ஒன்று வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் ஆமீன் சொன்னீர்கள்.

நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "என்னடி, ஊமையாகிட்டியா?" என்று கேட்டீர்கள். பல்வலி என்றேன். பல்லே இல்லாதவளுக்குப் பல்வலி! அதையும் நம்பினீர்கள். நான் சொன்னால் நம்புவது இந்த ஊருக்குப் பழகிப்போன வியாதி. அதைத்தான் எழுதப்போகிறேன்.

நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம். தோணா அப்போது தோணாவாக இருந்தது. நம் பேரப்பிள்ளைகளைக் கேட்டால் குப்பை போடுகிற வாய்க்கால் என்பார்கள். மேற்கே வயல்களில் விழும் மழையும் ஊருக்குள் விழும் மழையும் சேர்ந்து கடலுக்குப் போவதற்கு இருந்த ஒரே வழி அது. கோடையில் அதன் வாயை மணல் அடைத்துவிடும். மாரியில் தண்ணீர் ஏறியதும் அந்த மணலை வெட்டிவிட வேண்டும். காலையில் மண்வெட்டியால் முழ அகலத்துக்கு வெட்டிய கால், பின்னேரம் அஸர் தொழுகைக்குள் ஆறாகிக் கடலோடு சேர்ந்துவிடும்.

எந்த நாள், எந்த நேரத்தில் வெட்டுவது என்று பார்ப்பவர் அக்கரையில் இருந்த தமிழ் மீன்பிடிக்காரர் ஒருவர். நான் அவரை மாமா என்பேன், அவர் மனைவியை மாமி என்பேன். முந்தி வெட்டினால் கடல் தண்ணீர் உள்ளே ஏறி வயலைக் கெடுக்கும். பிந்தி வெட்டினால் ஊர் மூழ்கும். மாமா அலையைப் பார்ப்பார், காற்றைப் பார்ப்பார், குனிந்து தண்ணீரை ஒரு வாய் வைத்துத் துப்புவார். பிறகு துண்டைத் தலையில் கட்டுவார். அதைக் கண்டதும் இரண்டு கரை ஆண்களும் மண்வெட்டியோடு ஓடுவார்கள். தீர்மானம், கடிதம், முத்திரை ஒன்றும் கிடையாது.

எங்கள் வளவின் கடைசியில், தாழம் பற்றைக்குப் பக்கத்தில் ஒரு கல் நின்றது. அரசாங்கம் எப்போதோ நட்ட எல்லைக்கல். தலையில் ஓர் அம்புக்குறி வெட்டியிருந்தது. கல்லுக்கு அங்கால் தோணாவின் நிலம். அதில் ஒரு கோழிக்கூடுகூடக் கட்டக் கூடாது. உங்கள் வளவுகளிலும் நின்றன. நம் வரிசையில் மொத்தம் ஏழு கல். என் கல்தான் என் கடை. அதன்மேல் சிரட்டைகளை அடுக்கி மணல் விற்பேன், ஊரிச் சிப்பி விற்பேன். அம்புக்குறிக் குழிக்குள் செங்கல் தூளைக் கொட்டி மிளகாய்த்தூள் என்பேன். மாமி எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வரும்போதெல்லாம் கடைக்கு முன்னால் குந்திக்கொண்டு பேரம் பேசுவார்.

"என்ன முதலாளி, தூள் பழசு போல கெடக்கே?"

"புதுசு மாமி. இப்பதான் இடிச்ச."

"அப்ப ஒரு சுண்டு தாங்க. கடன்தான்."

என் கடையில் கடன் வைத்த ஒரே ஆள் மாமிதான். அந்தக் கடனுக்கு வட்டியாக அக்கரைக்குக் கூட்டிப்போய்க் கூனி இறால் சுண்டலும் சோறும் தருவார். உம்மா கையால் தின்றதைவிட நான் மாமி கையால் தின்றது அதிகம் என்று உம்மாவே சொல்லிக் குறைப்படுவார்.

வாப்பா அந்த வருடம் எங்கள் வட்டாரத்தின் சபை உறுப்பினர். வெள்ளைச் சாரன், மடிப்புக் கலையாத சேர்ட், சைக்கிள். அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. இனி ஊரின் பாதை, வாய்க்கால், கட்டட எல்லை எல்லாவற்றுக்கும் சபையே படம் தயாரிக்கலாம், சபையே முடிவு எடுக்கலாம் என்று எழுதியிருந்தது. வாப்பா அதைத் தேநீர்க் கடையில் உரத்து வாசித்தாராம். வீட்டுக்கு வந்தும் உம்மாவுக்கு வாசித்தார்.

"இனி ஒரு வாய்க்காலுக்கும் கச்சேரி வாசல்ல போய்க் கையக் கட்டிட்டு நிக்கத் தேவல்ல. எங்கட ஊர்ப் படத்த நாங்களே கீறுவம்."

அன்றைக்கு அவருடைய முகம் பெருநாள் முகமாக இருந்தது. அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். கச்சேரிப் படிக்கட்டில் எத்தனை நாள் காய்ந்தவர் அவர். நம் ஆட்கள் கையில் அதிகாரம் வந்தால் நம் ஊர் நிமிரும் என்று மனதாரத்தான் நம்பினார். அந்த அதிகாரம் முதல் முதலாக எதற்கு உதவியது என்று கேளுங்கள்.

என் இரண்டாவது ராத்தாவுக்குக் கலியாணம் பேசியிருந்தது. நம் வழக்கம் தெரியும்தானே: பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். மூத்த ராத்தாவுக்குத் தெருவோர வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு நாங்கள் வளவின் நடுவில் ஒரு கிடுகு வீட்டுக்கு நகர்ந்திருந்தோம். இந்த மாப்பிள்ளை வாத்தியார். அவருடைய உம்மா வந்து கிடுகுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"எங்கட மகன் கல்லூட்டுலதான் கால் வைப்பான். மாரிக்கு முந்தி ஊடு எழும்பட்டும். இல்லாட்டி நாங்க வேற இடம் பாக்குறம்."

வளவில் மிச்சம் இருந்தது பின்துண்டு. அதில் வீடு கட்டினால் பாதி வீடு கல்லுக்கு அங்கால் போய்விடும். ராத்தா இரண்டு நாள் சோறு தின்னவில்லை. உம்மா வாப்பாவோடு கதைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். தெருவில் ஓர் ஆண் இல்லை. வாப்பா காய்ச்சல் என்று போர்த்துக்கொண்டு கிடந்தார். எனக்குத் தெரிய அவர் ஜும்மாவைத் தவறவிட்டது அந்த ஒரு நாள்தான். பள்ளியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியதும் போர்வையை உதறிவிட்டு எழும்பினார். இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். உம்மா பின்னால் போனார். இரண்டு பேருமாக என் கடையைக் கிளப்பினார்கள். சிரட்டைகள் உருண்டன. கல் பல்லுப் பிடுங்கின மாதிரி வந்தது. கிணற்றடி வரை உருட்டிக்கொண்டு போய், அம்புக்குறி மண்ணைப் பார்க்கக் கவிழ்த்துப் போட்டார்கள். குழியை மூடி மேலே தாழம் சருகைப் பரப்பினார்கள். அஸருக்குப் பிறகு உம்மா அந்தக் கல்லில் வைத்து மீன் செதில் உரித்தார். அதற்குள் அது எங்கள் வீட்டு மீன் கல்லாகிவிட்டது.

அடுத்த கிழமை சபையின் புதுப் படத்துக்கு அளக்க ஓவசியர் வந்தார். சபையின் பாதை, வாய்க்கால் வேலைகளைப் பார்ப்பவர் அவர். அக்கரையில் கல் கிடையாது. எங்கள் பக்கக் கல்லிலிருந்து நாடாவைப் பிடித்து, தோணாவுக்கென்று எழுதியிருந்த அகலத்தை அளந்து, அது எங்கே முடிகிறதோ அதுதான் அக்கரையின் எல்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். எங்கள் கல் தண்ணீர்ப் பக்கம் பன்னிரண்டு எட்டு நகர்ந்தால், அக்கரைக் கோடும் பன்னிரண்டு எட்டு அங்கால் போகும். மாமியின் குடிசை தண்ணீரிலிருந்து எட்டுக் காலடித் தூரத்தில்தான் இருந்தது.

கல்லைக் காணவில்லை என்றதும் ஓவசியர் தலையைச் சொறிந்தார்.

"பழைய படம் கச்சேரியிலதான் கெடக்கு. எழுதிப் போட்டா வரும். நாலைஞ்சு மாசம் செல்லும்."

"இனி என்னத்துக்குக் கச்சேரி?" என்றார் வாப்பா. "அதிகாரம் நம்மட கையில. ஊராக்களக் கேட்டு எழுதுங்க."

ஊராட்களைக் கேட்டால் வாப்பா ஓர் இடத்தைக் காட்டுவார், மாமா ஓர் இடத்தைக் காட்டுவார். இரண்டு பேருக்கும் நிலத்தில் ஆசை உண்டு என்று ஓவசியர் சொன்னார். அப்போதுதான் வாப்பா அந்தச் சொல்லைச் சொன்னார்.

"என்ட சின்ன மகளக் கேளுங்க. நாள் முழுக்க அந்தக் கல்லுலதான் கெடப்பாள். ஓதுற புள்ள. பொய் சொல்ல மாட்டாள்."

மாமா யோசித்தார். மாமி யோசிக்கவே இல்லை.

"ஓம், அவ சொல்லட்டும். எங்கட ஊட்டுல திண்டு வளந்த புள்ள. அவ காட்டுற இடம் எங்களுக்குச் சம்மதம்."

மறுநாள் காலையில் காட்டுவது என்று முடிவாயிற்று. அன்று மாலை வாப்பா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். ஏசவில்லை, மிரட்டவில்லை. கச்சான் கடலை வாங்கித் தந்தார். ஒவ்வொன்றாக உடைத்து என் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"ராத்தா அழுறது உனக்கு விருப்பமா மகள்?"

"இல்ல வாப்பா."

"நாளைக்கு உனக்கும் ஒரு ஊடு வேணும். அதுக்கும் எடம் வேணும். நான் அந்த எடத்துல ஒரு செரட்டையக் கவுத்து வைப்பன். நீ போய் அதுக்குப் பக்கத்துல நிண்டாப் போதும். வாயத் தொறந்து ஒண்டும் சொல்லத் தேவல்ல. சொல்லாட்டி அது பொய் இல்ல."

ஊருக்கே தீர்ப்புச் சொல்கிற மனிதர், பத்து வயதுப் பிள்ளைக்கு மார்க்கம் சொல்லிக் கொடுத்த விதம் இது. வேலியே பயிரை மேய்ந்த கதை. ஆனாலும் கச்சான் நன்றாக வறுபட்டிருந்தது. நான் முழுவதையும் தின்றேன்.

காலையில் இரண்டு கரையும் கூடியிருந்தது. ஓவசியர் நாடாவோடு நின்றார். நான் சருகு பரப்பிய இடத்தைத் தாண்டினேன். என் உள்ளங்காலுக்கு அந்தக் குழியின் பொதுக்கென்ற மண் தெரிந்தது. நிற்கவில்லை. பன்னிரண்டு எட்டு வைத்துத் தண்ணீரோரம் கவிழ்ந்து கிடந்த சிரட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

மாமி மட்டும் தண்ணீருக்குள் இறங்கி, சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு எங்கள் கரைக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். குனிந்து அந்தச் சிரட்டையை எடுத்தார். விளிம்பில் செங்கல் தூள் ஒட்டியிருந்தது. அது என் மிளகாய்த்தூள் சிரட்டை. வாப்பா என் கடைச் சாமானிலிருந்தே எடுத்திருக்கிறார்.

"இந்தா முதலாளி," என்று என் கையில் தந்தார். "கடச் சாமான வீசிப் போட்டுத் திரியாத."

பிறகு ஓவசியர் பக்கம் திரும்பி, "புள்ள காட்டினாச் சரிதான். எழுதுங்க" என்றார்.

என்ட றப்பே! அன்றைக்கு அவர் என் கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் இந்த வயதில் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எங்கள் கல் போன வழியைப் பார்த்து, அந்த மாதத்துக்குள் மற்ற ஆறு கல்லும் காணாமல் போயின. யாருடைய வாப்பா எந்த நாளில் கிளப்பினார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. எல்லாருக்கும் மகள்மார் இருந்தார்கள். ஓவசியர் அந்தந்த வீட்டுக்காரர் காட்டிய இடத்தையெல்லாம் எழுதிக்கொண்டார். சபை கைதூக்கி நிறைவேற்றியது. அக்கரையில் இருந்த குடிசைகள் எல்லாம் தோணாவின் நிலத்தில் இருப்பதாகக் கடிதம் போயிற்று. மாமியும் மாமாவும் கிடுகையும் கம்பையும் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு சவளக்கடைப் பக்கம், மாமியின் தம்பி வீட்டுக்குப் போனார்கள். வலையையும் ஏற்றினார்கள். சவளக்கடையில் நெல் வயலைத் தவிர என்ன இருக்கிறது? அந்த வலையை அங்கே என்ன செய்தார்களோ தெரியாது. நான் தாழம் பற்றைக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்தேன். மாமி திரும்பிப் பார்க்கவில்லை.

ராத்தாவின் வீடு எழும்பியது. வெள்ளை அடித்தார்கள். மாரி பிறந்தது.

நாலு நாள் விடாத மழை. வீடு கட்ட மண் நிரப்பிய கரைகளுக்கு நடுவில் தோணா ஒடுங்கிப்போய்க் கிடந்தது. வாய் அடைத்திருந்தது. வெட்டுவதற்கு இப்போது சபைத் தீர்மானம் வேண்டும், ஒப்பந்தக்காரர் வேண்டும். முதல் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. இரண்டாம் கூட்டத்தில் ஒப்பந்தம் யாருடைய மச்சானுக்கு என்று சேர்மனுக்கும் வாப்பாவுக்கும் சண்டை. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ராத்தாவின் புது வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கலியாணத்துக்கு இன்னும் ஐந்து நாள். மணவறைக்கு வாங்கிய மெத்தை மிதந்தது. ராத்தா அந்தத் தண்ணீருக்குள் நின்று வெள்ளைச் சுவரில் ஏறிவரும் கறையைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்கக் கறை மேலே ஏறியது.

நம் ஆட்கள் நாலு பேர் மண்வெட்டியோடு போய் ஓர் இடத்தில் வெட்டிப் பார்த்தார்கள். பிழையான இடம். கடல் உள்ளே தள்ளியது. கடைசியில் வாப்பா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சவளக்கடைக்குப் போனார். போய் என்ன சொன்னார், எப்படிக் கேட்டார் என்று மௌத்தாகும் வரை அவர் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

மாமா வந்தார். மாமியும் வந்தார். மாமா எங்கள் வாசலில்கூட ஏறவில்லை.

"உங்களுக்காக வரல்ல," என்றார். "மேல வயல் முழுக்கத் தண்ணிக்குள்ள கெடக்கு. நான் நட்ட நாத்தும் அதுலதான் கெடக்கு. அதுக்குத்தான் வெட்டுறன்."

அலையைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், தண்ணீரை வாயில் வைத்துத் துப்பினார். துண்டைத் தலையில் கட்டினார். நடுப்பகல் லுஹருக்கு வெட்டினார்கள். அஸருக்குள் தண்ணீர் வடிந்துவிட்டது.

சேற்றுக் காலைக் கழுவ மாமி கிணற்றடிக்கு வந்தார். அங்கே உம்மா நின்றார், நான் நின்றேன். மீன் கல்லுக்குக் கீழே இருந்த மணலை வெள்ளம் அரித்திருந்தது. கல் புரண்டு கிடந்தது. அம்புக்குறி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. குழியின் மூலையில் இன்னமும் கொஞ்சம் செங்கல் சிவப்பு.

மாமி கல்லைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கல்லுப் பொரண்டு கெடக்கு மச்சாள்," என்றார். "கவுத்து வைங்க. குழிக்குள்ள செதில் அடையும்."

சொல்லிவிட்டுச் சும்மா போகவில்லை. ஒரு பக்கம் தானே பிடித்தார். உம்மா மறுபக்கம் பிடித்தார். இரண்டு பேருமாக அதைக் கவிழ்த்தார்கள். அதன்மேல் நின்று மாமி காலைக் கழுவினார், போனார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. தேடிப் போகவும் இல்லை. தேடிப் போனால் என்ன சொல்வது?

கலியாணம் ஈரச் சுவருக்குள் நடந்தது. ராத்தா அந்த வீட்டில் ஒவ்வொரு மாரியும் கட்டிலைக் கல்மேல் ஏற்றி ஏற்றியே கிழவியானாள். சுனாமியன்று கடல் பொங்கி வந்த காலையில் அது இந்தத் தோணா வழியாகத்தான் அந்த வீட்டுக்குள் வந்தது. உயிர் தப்பினாள், அல்ஹம்துலில்லாஹ். வீட்டுத் திட்டத்தில் கொடுத்த வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. இந்த வீடு எனக்கு வந்தது. வாப்பா சொன்னது சரிதான், எனக்கும் ஒரு வீடு வேண்டியிருந்தது.

போன கிழமை ஓர் உத்தியோகத்தர் வந்தார். நம் பேரன்மார் வயது. கையில் தட்டையாக ஒரு கணினி, பின்னால் சிவப்புப் பெயின்ட் வாளியோடு ஒருவன். தோணாவை அகலமாக்கப் போகிறார்களாம். எனக்குப் பயம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. ஒரு வழியாகத் தேடி வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனேன். பெயின்ட்காரனைக் கொண்டு கல்லைப் புரட்டினேன். அம்புக்குறியைக் காட்டினேன். எங்கே நின்றது, யார் கிளப்பினது, யார் பொய்யாகப் போய் நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இது இப்ப தேவல்ல உம்மா," என்றார். "புதுப் படத்துல உங்கட மதிலத்தான் கரையா எடுத்திருக்கு. உங்கட ஊடு தப்பிட்டு. சந்தோசப்படுங்க."

"அப்ப எந்தப் பக்கத்தால அகலமாக்குவீங்க மகன்?"

அவர் அக்கரையைக் காட்டினார். அங்கே இப்போது தகரத்தாலும் கிடுகாலும் அடைத்த ஐந்தாறு வீடுகள்.

"அதுகளுக்குக் காணி உறுதி இல்லதானே," என்றார். போகும்போது கல்லில் கால் இடறியது. "இதக் கவுத்து வைக்கட்டா உம்மா? தட்டுப்படும்."

"வேணாம் மகன். தட்டுப்படட்டும்" என்றேன்.

மறுநாள் காலையில் எனக்கு மீன் கொண்டுவருகிற பிள்ளை வந்தாள். அக்கரைப் பிள்ளைதான். கூடையை இறக்கி வைத்தவள், "எங்கட சுவர் எல்லாத்துலயும் செவப்புப் பெயின்ட் அடிச்சிட்டுப் போயிருக்காங்க. என்னத்துக்கு எண்டு உங்களுக்குத் தெரியுமா உம்மா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். உட்காரவைத்துச் சொன்னேன். அவள் அழவில்லை. கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத நீங்க அங்க வந்து சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை சபைக் கூட்டம். பொதுமக்களும் உள்ளே போய் இருக்கலாமாம். என் கல்லைக் கொண்டுபோய் அந்த மேசைமேல் வைக்கப்போகிறேன். ஒரு கல் என்றால் கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்பார்கள். ஏழு கல் என்றால் அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் ஒன்று குசினிப் படியாகக் கிடக்கிறது, ஒன்று அம்மிக்கு அடியில் கிடக்கிறது, ஒன்றில் துணி துவைக்கிறீர்கள். எனக்குத் தெரியாதென்றா நினைத்தீர்கள்? நான் கல்லைப் பார்த்தே வளர்ந்தவள்.

என் கல்லைத் தூக்க ஓட்டோக்காரத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். உங்கள் கல்லை நீங்கள்தான் தூக்க வேண்டும்.